மேரி குமாஸ்தா பார்த்த கல்கத்தா

எங்கள் ஊருக்கு பஸ்ஸில் தூங்கிக்கொண்டு வருகிறவருக்கும் எல்லை தெரிந்துவிடும். நாகூரிலிருந்து வடக்கே வந்தால் வாஞ்சூர், தரங்கம்பாடியிலிருந்து தெற்கே வந்தால் பூவம். இரண்டு இடத்திலும் சாலையோரம் திடீரென்று மதுக்கடைகளும் பெட்ரோல் பங்குகளும் நெருக்கியடித்து நிற்கும். பஸ்ஸில் ஒரு சலசலப்பு வரும். இறங்க வேண்டியவர் இறங்குவார், கண்டக்டர் "சீக்கிரம், சீக்கிரம்" என்பார், தூங்குகிறவர் ஒரு கண்ணைத் திறந்து, ஊர் வந்துவிட்டது என்று மறுபடி மூடிக்கொள்வார். கிழக்கே கடல், மற்ற மூன்று பக்கமும் தமிழ்நாடு. நடுவில் 160 சதுர கிலோமீட்டர் சொச்சத்துக்கு காரைக்கால். இந்த ஊரில் வளர்ந்த பிள்ளைக்கு எல்லை என்பது பூகோளப் பாடமில்லை. அத்தை வீட்டுக்குப் போகும் வழியில் தினமும் தாண்டுகிற வாய்க்கால் மாதிரி அது.

என் தாத்தா அந்த எல்லைக்குள்ளேயே பிறந்து, படித்து, வேலை பார்த்து, ஓய்வு பெற்றவர். 1919-இல் பிறந்தார். வேலை, மேரியில் குமாஸ்தா. நகராட்சியைப் பழைய ஆட்கள் இன்றும் மேரி என்றுதான் சொல்வார்கள். பிரெஞ்சுக்காரன் விட்டுப்போன சொல். பிறப்பு, கல்யாணம், இறப்பு மூன்றையும் பெரிய பெரிய பதிவேடுகளில் எழுதுவது தாத்தாவின் பிரிவு. 1954 நவம்பர் 1-ஆம் தேதி கொடி மாறியபோதும் அவர் நாற்காலி மாறவில்லை. முந்தின நாள் எழுதிய மைக்கூட்டிலேயே மறுநாளும் தொட்டு எழுதினேன் என்பார்.

சிறுவயதில் எனக்கு அவர் பிரெஞ்சு கற்றுக்கொடுத்ததும் அந்தப் பதிவேட்டிலிருந்துதான். பிரெஞ்சுக்காரன் பதிவேட்டில் குழந்தையின் பெயருக்குப் பக்கத்தில் தகப்பனின் வயதும் தொழிலும் இருக்கும். அந்தத் தொழில்களைத் தாத்தா வாய்ப்பாடு மாதிரி ஒப்பிப்பார், நான் பின்பாட்டுப் பாடுவேன். பெஷேர், மீன்பிடிக்கிறவர். கொமெர்சான், வியாபாரி. கல்திவாத்தேர், விவசாயி. தைய்யேர், தையல்காரர். ஷார்பாந்தியே, தச்சர். சொல்தா, பட்டாளத்துக்காரர். இருபது தொழில் எனக்கு மனப்பாடம். பிரெஞ்சில் ஒரு முழு வாக்கியம் பேச இன்றைக்கும் வராது.

அவருக்கு ஓர் ஆசை இருந்தது. பிரெஞ்சு இந்தியா என்பது ஐந்து ஊர்: புதுச்சேரி, காரைக்கால், மாஹே, ஏனாம், சந்தர்நகர். வங்காளத்தில் ஹூக்ளி ஆற்றங்கரையில் கிடக்கும் அந்த ஐந்தாவது ஊரை ஒருமுறை பார்த்துவிட வேண்டும். காரணம் ஒரு காகித உறை. வேலையில் சேர்ந்த புதிதில் சந்தர்நகர் அலுவலகத்திலிருந்து ஒரு பதிவு நகல் கேட்டு வந்த கடிதத்தின் உறை அது. அதிலிருந்த கையெழுத்து தாத்தாவை மயக்கிவிட்டது. ஒவ்வோர் எழுத்தும் காற்றில் சாய்ந்த நாற்று மாதிரி ஒரே பக்கம் சாய்ந்திருக்கும். "என்னை மாதிரியே ஒரு குமாஸ்தா. என்னைவிட நல்லா எழுதுறான்" என்பார். அந்த உறை ஐம்பது வருஷம் அவர் தகரப்பெட்டியில் இருந்தது.

1994 ஜனவரியில், பாட்டி போன மறு வருஷம், பெட்டியைத் திறந்து உறையை எடுத்து சட்டைப்பையில் வைத்துக்கொண்டார். எனக்கு வயது இருபத்து மூன்று, வேலை தேடிக்கொண்டிருந்தேன். அதாவது, துணைக்குப் போக நேரமிருந்தது.

அப்போது காரைக்காலுக்கு ரயில் கிடையாது. பேரளத்துக்கு ஓடிய பழைய மீட்டர்கேஜ் நின்றுபோயிருந்தது. நாகூரிலிருந்து மறுபடி ரயில் வர 2011 டிசம்பர் ஆனது. பஸ்ஸில் மாயவரம், அங்கிருந்து ராத்திரி ரயிலில் எழும்பூர், பிறகு சென்ட்ரலில் ஹௌரா மெயில். இரண்டு ராத்திரி, நடுவில் ஒரு பகல். ராஜமுந்திரியில் கோதாவரி வந்ததும் எல்லோரும் காசு போட்டார்கள், தாத்தாவும் போட்டார். சாமல்கோட்டில் வண்டி நின்றதும் ஜன்னலில் தலையை நீட்டி, "இங்கேருந்து பக்கம்தான்டா ஏனாம்" என்று பக்கத்து வீட்டைக் காட்டுவது போலக் கையை நீட்டினார். அவர் கை நீட்டிய பக்கம் ஒரு கரும்பு லாரி மட்டும் நின்றிருந்தது.

ஹௌராவில் இறங்கியபோது விடிந்தும் விடியாத பனி. ஸ்டேஷனை விட்டு வெளியே வந்ததும் ஆற்றுக்கு மேலே வானத்தில் பாதியை அடைத்துக்கொண்டு பாலம். 1943-இல் திறந்த பாலம். ஆற்றுக்குள் ஒரு தூண் கிடையாது. 26,500 டன் எஃகு, அத்தனையும் ரிவெட் அடித்தே கோத்தது என்று நான் பொது அறிவுப் புத்தகத்தில் படித்ததைச் சொன்னேன். தாத்தா காதில் அது ஏறவில்லை. அவர் கீழே பார்த்துக்கொண்டிருந்தார். பாலத்தின் நடைபாதையில் ஆட்கள் நடந்து வரவில்லை. மதகு திறந்தாற்போல் வந்தார்கள். தலையில் கூடை, தலையில் மூட்டை, தலையில் கட்டில், ஒருவர் தலையில் கண்ணாடி பீரோவின் கதவு. அந்தக் கண்ணாடியில் பாலம் ஒரு தடவை ஆடிவிட்டுப் போனது.

அரசலாற்றுப் பாலத்தில் எதிரே வரும் பத்துப் பேரில் ஏழு பேராவது தாத்தாவுக்குத் தெரிந்தவர்களாக இருப்பார்கள். மீதி மூன்று பேரின் பிறப்பை அவரே எழுதியிருப்பார். அப்போது காரைக்காலின் மொத்த ஜனத்தொகை ஒன்றரை லட்சத்துக்கும் கீழே. இங்கே காலைப் பனி விலகுவதற்குள் அத்தனை பேரும் பாலத்தைத் தாண்டிவிடுவார்கள் போலிருந்தது. தாத்தா சொன்னார்: "இத்தனை பேரையும் எவன்டா எழுதுறான்?"

லேக் மார்க்கெட் பக்கம் ஒரு தமிழர் விடுதியில் தங்கினோம். மாடியில் அறை, கீழே டிகிரி காபி வாசனை. தெருமுனையில் வாழை இலைக்கட்டு, முருங்கைக்காய், கறிவேப்பிலை, மல்லிகைச் சரம். பேரம் பேசும் மாமிகள் பாதித் தமிழிலும் பாதி வங்காளத்திலும் சண்டை போட்டார்கள். கும்பகோணம் கடைத்தெருவில் நிற்பது போலவே இருந்தது. மீன் கடைக்குப் போனதும் அந்த நினைப்பு போனது, அடுத்த நிமிஷமே திரும்பவும் வந்தது. கரைவாசிக்கு எந்த ஊர் போனாலும் கால் முதலில் மீன் கடைக்குத்தான் போகும். அவர்கள் பேட்கி என்று கொண்டாடுவது நம் கொடுவா. அதை நறுக்கிக்கொண்டிருந்த ஆள், தரையில் குத்துக்காலிட்டு, பலகையில் செங்குத்தாக நிற்கும் வளைந்த இரும்பை ஒரு காலால் மிதித்துக்கொண்டு, மீனை அதன் மேல் தள்ளினார். அசல் அரிவாள்மனை. "கத்தி நிக்குது, மீன் நடக்குது. நம்ம ஊர்தான்டா" என்று தாத்தா அவர் பக்கத்தில் உட்கார்ந்துவிட்டார். அரைமணி நேரம் எழுந்திருக்கவில்லை.

மறுநாள் விடியற்காலையில் நடக்கப் போனோம். கல்கத்தாவின் தெருவோரங்களில் ஆற்றுத்தண்ணீர் வரும் குழாய் வாய்கள் உண்டு. தெரு கழுவ வெள்ளைக்காரன் வைத்தது. வடிகட்டாத ஹூக்ளித் தண்ணீர் மண் நிறத்தில் பொங்கும். அந்தக் குளிரில் அதைச் சுற்றிப் பதினைந்து பேர் குளித்துக்கொண்டிருந்தார்கள். சோப்பு நுரையோடு ஒருவர் கண்ணை மூடிக்கொண்டு சூரியனைக் கும்பிட்டார். இரண்டடி தள்ளி நடைபாதையில் ஒரு குடும்பம் செங்கல் அடுப்பில் ரொட்டி சுட்டுக்கொண்டிருந்தது. அதற்குப் பின்னால் ஒரு மாளிகை. பச்சைச் சன்னல்கள், இரும்புக் கம்பியில் கொடி வேலைப்பாடு, வாசலில் கல் சிங்கம். சிங்கத்தின் வாயில் யாரோ ஈரத்துண்டைக் காயப்போட்டிருந்தார்கள்.

எனக்கு அந்த வயதில் இதெல்லாம் கோபமாக வந்தது. பணக்காரன், ஏழை என்று ஒரு சொற்பொழிவே ஆற்றினேன். தாத்தா பதில் சொல்லவில்லை. சிங்கத்துக்கும் அடுப்புக்கும் நடுவில் இருந்த இடத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். ஒரு முழம் இருக்கும். அந்தக் குடும்பத்துக் குழந்தை ஒன்று பந்தை உருட்டிக்கொண்டே வந்தது. பந்து சிங்கத்தின் காலடிக்கு ஓடிவிட்டது. குழந்தை அங்கேயே நின்றது. போய் எடுக்கவில்லை. அம்மாவைப் பார்த்தது. அம்மா தலையை அசைத்தாள். உள்ளேயிருந்து ஒரு வேலையாள் வந்து பந்தைக் காலால் தள்ளிவிடும் வரை குழந்தை நின்றுகொண்டே இருந்தது.

"பலகை ஒண்ணும் இல்லையே. அதுக்கு எப்படித் தெரிஞ்சுது?" என்றார் தாத்தா.

தாத்தாவுக்கு முழங்கால் வலி. ராஷ் பிஹாரி முனைக்கு வந்தபோது அவரால் நடக்க முடியவில்லை. கைரிக்ஷாக்காரர் ஒருவர் எங்களைப் பார்த்துவிட்டார். அறுபது வயதிருக்கும். லுங்கியை முழங்காலுக்கு மேல் மடித்துக் கட்டி, வெறுங்காலோடு, இரண்டு நீளக் கட்டைகளுக்கு நடுவில் நின்றார். ஹாரன் கிடையாது. ஆள்காட்டி விரலில் சின்ன மணி ஒன்றை மாட்டிக்கொண்டு அதைக் கட்டையில் தட்டுகிறார்: டிங், டிங். நான் அரைகுறை இந்தியில் கூலி பேசினேன். தாத்தா ஏற மறுத்துவிட்டார்.

"சைக்கிள் ரிக்ஷாவில ஏறுவீங்கல்ல தாத்தா?"

"அது வண்டிடா. இது தோள்."

ரிக்ஷாக்காரருக்கு எங்கள் பாஷை தெரியாது, விஷயம் புரிந்துவிட்டது. இந்த மாதிரி நல்லவர்களை அவர் நிறையப் பார்த்திருக்க வேண்டும். பீகாரில் தனக்கு ஐந்து பிள்ளைகள் என்று விரலைக் காட்டினார். பிறகு வாய்க்குச் சோறு போகிற மாதிரி கையைக் காட்டினார். நீங்கள் ஏறாவிட்டால் இது எங்கே போகும் என்று அர்த்தம். தாத்தா பையிலிருந்து ஐந்து ரூபாயை எடுத்து நீட்டினார். அந்த மனிதர் வாங்கவில்லை. மணியைக் கட்டையில் ஒரு தட்டுத் தட்டிவிட்டு அடுத்த ஆளைப் பார்க்கப் போய்விட்டார்.

அங்கேயே காளிகாட் மெட்ரோ நிலையம். இந்தியாவின் முதல் பாதாள ரயில், 1984 அக்டோபரில் ஓடத் தொடங்கியது. நாங்கள் போனபோது முழுப்பாதையும் முடியவில்லை. டாலிகஞ்சிலிருந்து எஸ்பிளனேடு வரை தெற்குப் பக்கம் ஓடிக்கொண்டிருந்தது. படியிறங்கினால் வேறு ஊர். தரையில் ஒரு காகிதம் இல்லை, எச்சில் இல்லை, பிளாட்பாரத்தில் டிவி ஓடுகிறது, மேலே தள்ளிக்கொண்டிருந்த அதே ஜனம் கீழே வரிசையில் நிற்கிறது. ரவீந்திர சதன் நிலையத்தில் வண்டி நின்றபோது சுவர் முழுக்க தாகூரின் கையெழுத்து. எழுதி அடித்த சொற்களையே பறவையாகவும் பூதமாகவும் வளைத்து வரைந்திருந்தார். கதவு மூடும் வரை தாத்தா கண் எடுக்கவில்லை. "அடிச்சதைக்கூட அழகாக்கிட்டான். எங்க பதிவேட்டுல அடிக்கவே கூடாது. அடிச்சா ஓரத்துல எழுதிக் கையெழுத்துப் போடணும்" என்றார்.

எஸ்பிளனேடில் மேலே ஏறினோம். சௌரங்கியில் டிராம், டாக்ஸி, ஆட்டு மந்தை ஒன்று, எதிரே ஆகாயம் போல விரிந்த மைதானம். எல்லாவற்றுக்கும் நடுவிலிருந்து டிங், டிங்.

மூன்றாம் நாள் சந்தர்நகர். ஹௌராவிலிருந்து உள்ளூர் ரயிலில் 33 கிலோமீட்டர். அந்தப் பாதையில் வரிசையாக வந்த பெயர்களைத் தாத்தா முணுமுணுத்துக்கொண்டே வந்தார். செராம்பூர், டேனிஷ்காரன் ஊர். அடுத்தது சந்தர்நகர், பிரெஞ்சுக்காரன். அதற்கும் மேலே சின்சுரா டச்சுக்காரன், பண்டேல் போர்த்துக்கீசியன். "நம்ம கடற்கரையை அப்படியே தூக்கி ஆத்தங்கரையில வச்சிருக்கான்டா!" என்றார். உண்மைதான். எங்கள் பக்கம் தரங்கம்பாடி டேனிஷ்காரர், காரைக்கால் பிரெஞ்சுக்காரர், நாகப்பட்டினம் டச்சுக்காரர். தரங்கம்பாடியையும் செராம்பூரையும் டேனிஷ்காரர்கள் 1845-இல் ஒன்றாகவே ஆங்கிலேயருக்கு விற்றுவிட்டுப் போனார்கள். புதுச்சேரியில் சிலையாக நிற்கும் துய்ப்ளேக்ஸ், இங்கே பத்து வருஷம் அதிகாரியாக இருந்து கைத்தேர்ச்சி பெற்றுத்தான் 1742-இல் அங்கே கவர்னராக வந்தார்.

ரயில் எல்லையைத் தாண்டும் இடத்தைப் பார்க்க வேண்டுமென்று தாத்தா பத்ரேஸ்வர் ஸ்டேஷனிலேயே எழுந்து வாசலுக்குப் போய்விட்டார். மான்குண்டு வந்தது, போனது. வீடு, குளம், வாழை, வீடு, சுவரில் அரிவாள் சுத்தியல். எதுவும் மாறவில்லை. சந்தர்நகர் பலகை வந்துவிட்டது.

சைக்கிள் ரிக்ஷா வைத்துக்கொண்டு ஊரைச் சுற்றினோம். ஜி.டி. ரோட்டில் ஒரு தோரணவாயில். பஸ்தி சிறை விழுந்ததன் நினைவாக 1937-இல் கட்டியது. சுதந்திரம், சமத்துவம், சகோதரத்துவம் என்ற மூன்று சொற்களும் பிரெஞ்சில் பொறித்திருந்தன. தாத்தா ஒவ்வொரு எழுத்தாகப் படித்தார். வாயிலுக்கு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் மதில் எதுவும் இல்லை. ஒரு மாடு அதன் வழியாகப் போகாமல் சுற்றிக்கொண்டு போனது.

ஆற்றங்கரைச் சாலைக்குப் பெயர் ஸ்ட்ராண்ட். மரநிழல், கல் இருக்கைகள், துய்ப்ளேக்ஸ் இருந்த வீடு இப்போது அருங்காட்சியகம், சற்றுத் தள்ளி மாதாகோயிலின் இரட்டைக் கோபுரம். புதுச்சேரிக் கடற்கரைச் சாலையைக் கொஞ்சம் சுருக்கி, அலையை நிறுத்திவிட்டது போல இருந்தது. ஓர் இருக்கையில் கம்பளிக் குல்லாய் போட்ட கிழவர் ஒருவர் பேப்பர் படித்துக்கொண்டிருந்தார். தாத்தா சட்டைப்பையிலிருந்து உறையை எடுத்தார், தொண்டையைச் செருமினார். "போன்ழூர், முசியே."

பேப்பர் மெதுவாக இறங்கியது. கிழவர் தாத்தாவின் வேட்டியை, நெற்றித் திருநீற்றை, பிறகு முகத்தைப் பார்த்தார். "போன்ழூர்" என்றார், பூட்டிக் கிடந்த அறையைத் திறக்கிற குரலில்.

ஒரு தமிழரும் ஒரு வங்காளியும் ஹூக்ளிக் கரையில் உட்கார்ந்து இரண்டு மணி நேரம் பிரெஞ்சில் பேசினார்கள். இருவருக்கும் பொதுவாக வேறு மொழி இல்லை. வார்த்தை கிடைக்காதபோது கையால் பேசினார்கள். நான் மண்குவளையில் தேநீர் வாங்கி வாங்கிக் கொடுத்தேன். என்ன பேசினார்கள் என்பதை ரயிலில் தாத்தா தவணை தவணையாகச் சொன்னார். உறையின் கையெழுத்து யாருடையது என்று கிழவருக்குத் தெரியவில்லை. ஆனால் எல்லையைப் பற்றி நிறையத் தெரிந்திருந்தது. ஆங்கிலேயப் போலீஸ் தொட முடியாத இடம் என்று புரட்சிக்காரர்கள் இங்கே வந்து ஒளிந்தது, அரவிந்தர் 1910-இல் இங்கே மறைந்திருந்துவிட்டுக் கப்பலேறிப் புதுச்சேரிக்குப் போனது, எல்லாம். பிறகு 1949 ஜூனில் ஓட்டெடுப்பு வைத்தார்கள். இந்தியாவோடு சேர வேண்டும் என்று ஏழாயிரத்துக்கு மேல். வேண்டாம் என்று நூற்றுச் சொச்சம். 1950 மே மாதம் பிரெஞ்சுக்காரன் போனான், 1954 அக்டோபரில் ஊர் மேற்கு வங்காளத்தோடு கலந்தது.

எங்களுக்கு அப்படி ஊர் ஓட்டு நடக்கவில்லை. அதே 1954 அக்டோபரில் கீழூரில் கூடிய 178 பிரதிநிதிகளில் 170 பேர் சேரலாம் என்றார்கள், சேர்ந்தோம். ஆனால் சுற்றியிருந்த தஞ்சாவூர் ஜில்லாவோடு கலக்காமல், 130 கிலோமீட்டருக்கு அப்பாலிருக்கும் புதுச்சேரியோடு இருந்துகொண்டோம். இதைத் தாத்தா சொன்னதும் கிழவர் சிரித்தாராம். இங்கே என் பேரன் காலையில் எட்டேகால் வண்டியில் கல்கத்தா போகிறான், யாராவது கேட்டால் கல்கத்தாக்காரன் என்கிறான், எல்லை எங்கே இருந்தது என்று கேட்டால் அவனுக்குக் காட்டத் தெரியாது என்றாராம்.

"அழிஞ்சது நல்லதா, கெட்டதான்னு கேட்டீங்களா தாத்தா?"

"கேட்டேன். வெளியே இருந்த கோடுதான் அழிஞ்சுதுன்னான்."

நான்காம் நாள் ராத்திரி மெயிலுக்குக் கிளம்பினோம். கல்கத்தாவில் ஊர்வலம் என்பது மழை மாதிரி. எப்போது வரும் என்று சொல்ல முடியாது, வந்தால் எல்லாம் நின்றுவிடும். டாக்ஸி படாபஜார் பக்கம் வந்து அப்படியே நின்றது. செங்கொடிகள் போய்க்கொண்டே இருந்தன. டிரைவர் எஞ்சினை அணைத்துவிட்டுப் பீடி பற்றவைத்தார். வண்டிக்கு ஒன்றரை மணி நேரம்தான் இருந்தது. இறங்கி நடக்கலாம் என்றால் தகரப்பெட்டி, பை, தாத்தாவின் முழங்கால். சந்துக்குள்ளிருந்து சத்தம் வந்தது: டிங், டிங்.

தாத்தா ஓர் ஏற்பாடு செய்தார். பெட்டி ரிக்ஷாவில் வரட்டும், நான் நடந்து வருகிறேன் என்றார். பெட்டி அரசன் மாதிரி சீட்டில் உட்கார்ந்தது. முன்னால் ரிக்ஷாக்காரர், பக்கத்தில் தாத்தா, பின்னால் நான். மிளகாய் மண்டி, ஜவுளி மூட்டை, தேங்கி நிற்கும் தண்ணீர், ஒருவர் போனால் மற்றவர் ஒதுங்க வேண்டிய சந்துகள். தாத்தா ரிக்ஷாக்காரரின் கால்களையே பார்த்துக்கொண்டு வந்தார். குதிகால் வெடித்து, விரல்கள் விசிறி மாதிரி விரிந்திருந்தன. பத்து நிமிஷத்தில் தாத்தா நின்றுவிட்டார். சுவரைப் பிடித்துக்கொண்டார். ரிக்ஷாக்காரர் திரும்பிப் பார்த்தார். ஒன்றும் சொல்லாமல் கட்டைகளைத் தரையில் தாழ்த்தினார், பெட்டியை எடுத்து கால் வைக்கும் இடத்தில் வைத்தார், தாத்தாவின் கையைப் பிடித்து ஏற்றினார்.

தாத்தா கண்களை இறுக மூடிக்கொண்டார். ஆற்றங்கரைச் சாலைக்கு வந்து, மல்லிக் காட் பூச்சந்தையின் சாமந்தி வாசனை அடித்து, பாலத்தடியில் வண்டி நிற்கும் வரை திறக்கவில்லை. இறங்கியதும் பையில் இருந்த நோட்டுகளை எண்ணாமல் எடுத்துக் கொடுத்தார். இந்தத் தடவை அந்த மனிதர் வாங்கிக்கொண்டார். எண்ணிப் பார்த்துவிட்டு, அதிகம் என்று சொல்லி இரண்டு நோட்டைத் திருப்பியும் கொடுத்தார். மணியைத் தட்டிக்கொண்டு கூட்டத்துக்குள் போனார். 2006-இல் அந்த ஊர்ச் சட்டமன்றம் கைரிக்ஷாவை ஒழிக்கச் சட்டம் கொண்டுவந்தது என்றும், வழக்கில் அது நின்றுவிட்டது என்றும் பின்னால் படித்தேன். மணி இன்றும் கேட்கிறதாம்.

கரக்பூரின் நீளமான பிளாட்பாரம் தாண்டி விளக்கணைத்த பிறகுதான் தாத்தா வாயைத் திறந்தார்.

"புஷ்-புஷ் வண்டி தெரியுமாடா?"

புதுச்சேரியில் துரைமார்கள் போகிற வண்டி அது. மூன்று சக்கரம். உட்கார்ந்திருக்கிறவர் முன்னால் இருக்கும் கம்பியைப் பிடித்துத் திருப்புவார். பின்னாலிருந்து ஓர் ஆள் தள்ளுவான்.

"எங்கப்பா அது தள்ளினவர்."

நான் கீழ்ப்படுக்கையில் எழுந்து உட்கார்ந்தேன். எங்கள் வீட்டில் தாத்தாவின் அப்பாவைப் பற்றிப் பேச்சே வராது. புதுச்சேரியில் கவர்மெண்ட் உத்தியோகம் என்றுதான் எனக்குச் சொல்லியிருந்தார்கள்.

"எனக்கு ஏழு வயசு. அம்மா கூட்டிக்கிட்டுப் போனா. துரை தூங்குற நேரம். அப்பா என்னைத் தூக்கி வண்டியில வச்சு, கம்பியைக் கையில குடுத்து, ஓட்டுடா துரைன்னாரு. கடற்கரைச் சாலை முழுக்கத் தள்ளிக்கிட்டே ஓடினாரு. நான் சிரிச்சேன் பாரு, அப்படிச் சிரிச்சேன். இன்னும் வேகமா, இன்னும் வேகமான்னேன். அந்த வண்டியில ஒரு சௌகரியம்டா. தள்ளுறவன் பின்னால இருப்பான். மூஞ்சி தெரியாது." கொஞ்ச நேரம் சக்கரச் சத்தம் மட்டும் கேட்டது. "இதுல முதுகு தெரியுது."

மறுநாள் முழுக்க அவர் சாதாரணமாக இருந்தார். கோதாவரியில் காசு போட்டார். மாயவரத்திலிருந்து பஸ்ஸில் வரும்போது என் தோளில் சாய்ந்து தூங்கினார். பூவத்தில் வழக்கம்போல் சலசலப்பு வந்தது, ஆட்கள் இறங்கினார்கள். தாத்தா ஒரு கண்ணைத் திறந்து பார்த்துவிட்டு மூடிக்கொண்டார்.

அவர் 2003-இல் காலமானார். அதற்குப் பல வருஷம் கழித்து வீட்டுப் பாகப்பிரிவினைக்காக அவருடைய பிறப்புப் பதிவின் நகல் தேவைப்பட்டது. பழைய பதிவேட்டைத் தூசி தட்டி மேசைமேல் விரித்தார்கள். 1919. சாய்ந்த எழுத்து, பழுப்பேறிய மை. தாத்தாவின் பெயர். அவருடைய அப்பாவின் பெயர், வயது இருபத்து நான்கு. தொழில் என்ற இடத்தில் ஒரு சொல். மனப்பாடமாக இருந்த இருபது சொற்களையும் பெஷேரிலிருந்து வரிசையாக ஒப்பித்துப் பார்த்தேன். எதோடும் பொருந்தவில்லை. பக்கத்தில் நின்ற பழைய ஊழியர் ஒருவர் எட்டிப் பார்த்துப் படித்தார்.

"ழூர்னாலியே. தினக்கூலி. பாதிப் பக்கத்துக்கு இதுதான் தம்பி இருக்கும்."

புரட்டிப் பார்த்தேன். அடுத்த பக்கத்திலும் இருந்தது, அதற்கடுத்ததிலும். மீனவருக்கும் வியாபாரிக்கும் தச்சருக்கும் நடுவில் அந்த ஒரு சொல்தான் திரும்பத் திரும்ப வந்தது. முப்பது வருஷத்துக்கு மேல் தாத்தா எழுதிய வேலையில் அவர் கை அதிகம் எழுதியதும் அதுவாகத்தான் இருக்கும். எனக்கு அதை மட்டும் அவர் சொல்லித் தரவில்லை.

அந்தப் பதிவேடு இருந்த அலமாரி எது என்று கேட்டேன். ஊழியர் காட்டினார். தாத்தாவின் நாற்காலி கிடந்த இடத்துக்கு நேர் பின்னால் இருந்தது.